யாரோட முழங்கை

அங்கேயே நில்லுங்க. பக்கத்தில் வராதீங்க. பத்தடி தள்ளி நின்று முதலில் முழுசா ஒரு தடவை பாருங்க. வருகிற ஆளுங்க எல்லாம் நேரா வந்து ஹெட்லைட்டைத் தடவுறாங்க. கல்யாண வீட்டில் குழந்தை கன்னத்தைக் கிள்ளுவாங்களே, அந்த மாதிரி. எனக்குப் பார்த்தாலே குமட்டிக்கிட்டு வருது. நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லைங்க. மெதுவாத்தான் சொல்வேன். ஆனா குமட்டுவது குமட்டுவதுதானே.

இப்ப பாருங்க. பழைய காரை அறுத்து, இறக்கி, மாற்றிச் செய்கிறதுக்குப் பேர்தான் ஹாட் ராட். ஹாட் ராட் என்றால் பெயிண்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. நிற்கிற நிலை. மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, பாயப்போகிற பூனை மாதிரி நிற்கணும். முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரிசு. கூரையை நாலு அங்குலம் அறுத்து இறக்கியிருக்கேன். அதனால்தான் கண்ணாடி இடுங்கி, முறைக்கிற மாதிரி இருக்கு. பானெட் கிடையாது. சேலத்தில் ஏலத்தில் எடுத்த ஆறு சிலிண்டர் என்ஜின், அப்படியே நெஞ்சைத் திறந்து காட்டுது. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விரலை ஓட்டினால் எங்கேயும் தடுக்கக்கூடாது. இது அம்பாசடர் என்று சொன்னால்தான் தெரியணும். விஷயம் தெரிந்தவன் கண் இதில்தான் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கு. வயசு. வண்டி வாழ்ந்திருக்கணும். வெயில், மழை, ஆள், எல்லாம் பட்டிருக்கணும், பட்டது தெரியணும். அங்கங்கே துரு, அங்கங்கே பெயிண்ட் தேய்ந்து உள்ளே இருக்கிற தகடு. பேட்டினா என்று சொல்லுவாங்க. வெளிநாட்டில் அதுக்காகவே உயிரை விடுறாங்க. எனக்கு வினை வந்தது அந்த இடத்தில்தான்.

நான் நவநீதன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் ஆறு வருஷம் டிங்கரிங் வேலை. என் கையால் ஒன்பது வண்டி மாறியிருக்கு. ஒன்பதும் கண்காட்சிக்குப் போச்சு. மைக்கில் ஒன்பது தடவையும் முதலாளி பேரைத்தான் சொன்னாங்க. நான் கூட்டத்தில் நின்று கை தட்டினேன். ஒரு தடவையாவது, வண்டி முன்னால் வைக்கிற போர்டில், செய்தவர் நவநீதன் என்று இருக்கணும், அதை மைக்கில் வாசிக்கணும். இவ்வளவுதாங்க என் ஆசை. வேலையை விட்டுவிட்டு, இந்த ஷெட்டைப் பிடித்து, இந்த ஒரு வண்டியை எடுத்தேன். பதினாலு மாசம்.

வண்டி யாருடையது என்று கேட்காதீங்க. எல்லாரும் அதையே கேட்டுத்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தாங்க. சரி, சொல்றேன். உடுமலையில் மரகதம் டிரைவிங் ஸ்கூல். நடத்தினது மரகதம் மேடம். இருபத்தெட்டு வருஷம் ஒரே அம்பாசடர். மூட்டு போச்சு, ஸ்கூலை மூடினாங்க, வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. நான் போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு கிடையாதுங்க. தினம் காலையில் துடைப்பாங்களாம். எனக்கு முதல் ஏமாற்றமே அதுதான்.

உள்ளே ஏறினேன். அருவருப்பா இருந்தது. டேஷ்போர்டு முழுக்க சந்தனம், குங்குமம், காய்ந்த மல்லிகை நார். சீட்டில் இருபத்தெட்டு வருஷத்து வேர்வை. தேங்காய் எண்ணெய் வாடை. கத்துக்க வந்தவன் எல்லாம் பயத்தில் ஊத்தின வேர்வைங்க அது. இடதுபக்கம், சொல்லிக்கொடுக்கிறவங்க உட்காருகிற பக்கம், தரையில் கூடுதலா ரெண்டு பெடல். ஒன்று பிரேக், ஒன்று கிளட்ச். கத்துக்கிறவன் மறந்தால் இவங்க மிதிக்க. அந்தப் பக்கக் கதவு, ஜன்னல் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்டே இல்லை. தகடு வழுவழு என்று, உள்வாங்கி, கோவில் படிக்கட்டு மாதிரி பளபளத்தது.

"இதென்ன மேடம், யாரோ சுரண்டி வெச்சிருக்காங்க?"

"அது எங் கை கண்ணு. முழங்கையை அங்க வெச்சுக்கிட்டுத்தான் ஊரையே ஓட்ட வெச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாங்க. அப்புறம் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாங்க. "உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"நான் வண்டி செய்யறவன் மேடம்."

"அதைக் கேக்கலியே."

இல்லைங்க. இருக்கு, ஆனா எல்.எல்.ஆர். மட்டும். அது இப்ப முக்கியமில்லை.

வண்டியைக் கொண்டு வந்தேன். முதலில் சுத்தம். ரெண்டு நாள் மூக்கில் துணி கட்டிக்கிட்டு எல்லாத்தையும் கழற்றி எறிந்தேன். சீட்டு, விரிப்பு, சாமி படம். பெடல் ரெண்டையும் எடுத்து, ஓட்டையில் தகடு வைத்து வெல்டு பண்ணி, தரைக்கு நல்ல கறுப்பு பெயிண்ட் அடித்தேன். அப்புறம் அந்த இடதுபக்க விளிம்பு. அதை வைத்துக்கொண்டு என்னங்க பண்ணுவது? நம்ம ஊர் வண்டியில் ஓட்டுகிறவன் வலதுபக்கம். முழங்கைத் தேய்மானம் இடதுபக்கம் இருந்தால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஓட்டுகிறவன் இடதுபக்கம் உட்காருகிற அமெரிக்கப் படத்தைப் பார்த்துக் காப்பியடித்தவன், பக்கத்தைக்கூட மாற்றத் தெரியாதவன் என்று சிரிப்பான். அதனால் கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பள்ளத்தில் புட்டிப் பசையை அப்பி, மட்டம் பண்ணிவிட்டேன்.

பிறகு வயசு வைக்கிற வேலை. உப்பு, வினிகர், எலுமிச்சை. ராத்திரி ஊற்றி, பகலில் வெயிலில் வைத்து, பதினெட்டு நாள். ஷெட்டுக்குள் நுழைந்தால் ஊறுகாய் கம்பெனி மாதிரி இருக்கும். புதுத் தோல் சீட்டில் டீ டிகாஷனை ஊற்றி, கல்லை வைத்துத் தேய்த்தேன். பெயிண்டர் சாதிக் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"நல்லா இருந்த தலையை மொட்டையடிச்சுட்டு, இப்ப விக்கு வெக்கறமா?"

"உனக்கு இது புரியாது சாதிக்."

"புரியலைன்னுதான் கேக்கறேன். இதுக்கு அந்தம்மாகிட்டயே ஒரு வருசம் மழையில நிறுத்தச் சொல்லிருக்கலாமே."

வலதுபக்கக் கதவில் முழங்கைத் தேய்மானம் வைக்கணும். மெஷினில் தேய்த்தால் நேராப் போகும், கண்டுபிடிச்சிடுவாங்க. அதனால் உப்புத்தாளை என் முழங்கையில் சுற்றி, டேப் ஒட்டி, சீட்டில் உட்கார்ந்து, கையை வெளியே போட்டு முன்னேயும் பின்னேயும் ஆட்டினேன். மூணு நாள் சாயங்காலம். சாதிக் போனில் வீடியோ எடுத்து அவன் வீட்டம்மாவுக்கு அனுப்பினான். அது ஊரெல்லாம் போச்சு. ஆனா தேய்மானம் அருமையா வந்ததுங்க. அதன்மேல் லேசா ஒரு துரு. அங்கே பாருங்க, வலதுபக்கம். தொடாதீங்க, பார்க்க மட்டும்.

கண்காட்சி நீலாம்பூர் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தில். லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். போர்டு வைத்தேன். செய்தவர் நவநீதன். எழுத்தை நாலு தடவை அழித்து அழித்து எழுத வைத்து வாங்கினேன். என் வண்டிக்கு முன்னாலதான் கூட்டம். போர்டை இன்னொரு தடவை துடைத்து நிமிர்த்தி வைத்தேன்.

அந்தக் கூட்டம் எதைப் பார்த்தது என்று கேளுங்க.

சேலை கட்டின ஒரு அம்மா, கூட அவங்க பொண்ணு. நம்பர் பிளேட்டைப் பார்த்தாங்க. "ஏனுங்க தம்பி, இது மரகதம் மேடம் வண்டிங்களா?"

"இப்ப இது ஹாட் ராட் அம்மா."

"அதென்னமோ இருக்கட்டும். இதுலதான் நான் தாராபுரம் ரோட்டுல முட்டுனேன். ஏய் ரஞ்சனி, இங்க வா, அம்மா முட்டுன வண்டி."

முட்டினதை ஒரு பெருமையா! அப்புறம் ஒரு பேங்க் ஆபீசர், ஒரு ஆட்டோக்காரர், ஒரு போலீஸ்காரர்கூட. எல்லாரும் உடுமலைப் பக்கம். "உக்காந்து பாக்கலாமுங்களா" என்று கெஞ்சுவாங்க. உட்கார விடுவேன். உட்கார்ந்ததும் எவனாவது அந்த ஸ்டியரிங்கைப் பார்த்தானா? திருப்பூரில் கடைந்து வாங்கின கியர் ராடைப் பார்த்தானா? இல்லைங்க. உட்கார்ந்த உடனே, ஒரே மாதிரி, எல்லாரும் இடதுபக்கம் திரும்பிப் பார்த்தாங்க. காலி சீட்டை. அந்தப் போலீஸ்காரர் முதுகை நிமிர்த்திக்கிட்டு, ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கிட்டு, "அரை கிளட்ச், அரை கிளட்ச்" என்று தனக்குத்தானே சொல்கிறார். மீசை வைத்த மனுஷன். சுற்றி நின்றவங்க சிரிக்கிறாங்க, கை தட்டுறாங்க. அசிங்கமா இருந்தது எனக்கு. பதினாலு மாசம் உழைத்து ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தால், அதற்குள்ளே பூந்து பழைய கதை பேசுறானுங்க. தன் கையால் எதுவும் செய்யாதவனுக்கு அடுத்தவன் செய்த பொருளின் மதிப்பு எப்படித் தெரியும்?

மூணு மணிக்கு நடுவர் வந்தார். விக்டர் சார். பழைய கார் பன்னிரண்டு வைத்திருக்கிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் சரியா பத்தடி தள்ளி நின்றாருங்க. நான் உங்களை நிற்கச் சொன்னேனே, அதே தூரம். மண்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, வண்டியின் கோடு எப்படிப் போகுது என்று பார்த்தார். "நிக்கறது நல்லா இருக்கு" என்றார். கூரை வெட்டைத் தடவி, "சுத்தமான வேலை" என்றார். எனக்கு அப்பவே மைக் சத்தம் காதில் கேட்டது.

வலதுபக்கக் கதவுக்கு வந்தார். குனிந்தார். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது டிரைவிங் ஸ்கூல் வண்டின்னு சொல்லிக்கறாங்களே."

"ஆமாங்க சார். முன்னாடி."

"அப்ப இந்தப் பக்கம் உக்காந்தவங்க எல்லாம் கத்துக்கிட்டவங்க."

"ஆமாங்க."

"கத்துக்கறவன் எவன்யா ஜன்னல்ல கையை வெச்சு ஓட்டுவான்? ரெண்டு கையும் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது யாரோட முழங்கை?"

ஒரு முழங்கைக்கு ஆதார் கார்டு கேட்கிறான் அந்த ஆள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தாங்க. சாதிக்தான் சிரித்திருப்பான்.

"அதுவுமில்லாம, தினம் கை படற இடத்துல துரு புடிக்காது" என்றார். வாத்தியார் மாதிரிகூட இல்லைங்க, காய்கறிக்காரரிடம் கத்திரிக்காய் சொத்தை என்று சொல்லுவோமே, அப்படிச் சொன்னார்.

அப்புறம் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். துணி சுற்றி வைத்திருக்கார். தகடு இருந்தால் ஒட்டும், புட்டி இருந்தால் ஒட்டாது. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான சாமான் கிடையாது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் பல்லை எண்ணிப் பார்க்கிற மாதிரி. கதவு நெடுக ஓட்டினார். டக், டக், டக் என்று ஒட்டிக்கிட்டே வந்தது. ஜன்னல் விளிம்புக்கு வந்ததும், ஒரு சாண் நீளத்துக்கு, வழுக்கிக் கீழே விழுந்தது.

பொறுக்கி எடுத்தார். "இங்க என்ன இருந்தது?"

"பள்ளம் சார். அடைச்சுட்டேன்."

"எப்படிப்பட்ட பள்ளம்?"

"அந்தம்மா கை வெச்சு வெச்சு..."

சொல்லி முடிக்கவில்லை. அவர் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கிட்டார். திட்டியிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த முகம் இருக்கே, சாப்பாட்டில் முடி கிடந்தால் ஒரு முகம் வருமே, அதை வைத்துக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.

பரிசு எதற்குத் தெரியுங்களா? ஒரு பால் சொசைட்டி வேன். முன்னால் உயரத்தைக் குறைத்து, என்ஜினை வெளியே எடுத்துப் பண்ணியிருந்தான். உள்ளே போய்ப் பார்த்தேன். பால் கேன் இடித்த பள்ளம் நூறு இருக்கும். ஒன்றைக்கூடத் தட்டி எடுக்கவில்லை. அப்படியே வார்னிஷ் அடித்து விட்டிருக்கான். சோம்பேறி. அந்தச் சோம்பேறி பேரை மைக்கில் மூணு தடவை சொன்னாங்க.

எனக்கு வெறுத்துப் போச்சுங்க. ஒரு வாரம் ஷெட்டைத் திறக்கவில்லை. அப்புறம் யோசித்தேன். விக்டர் சாருக்கு அந்த இடதுபக்கப் பள்ளம்தானே வேணும்? வைத்துக் கொடுத்தால் போச்சு. மார்கழியில் அடுத்த கண்காட்சி. புட்டியைத் தோண்டி எடுத்தேன். அடியில் அந்த வழுவழுப்பு இல்லை, வெறும் கிரைண்டர் கோடுதான். சரி, முழங்கையின் சொந்தக்காரங்களையே கூட்டி வந்து, உட்கார வைத்து, கை எங்கே படுகிறது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டால், பிறகு நான் பார்த்துக்க மாட்டேனா?

உடுமலைக்குப் போய் மேடத்தைக் கூட்டி வந்தேன். வண்டியைப் பார்த்ததும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாங்க. "குண்டா இருந்தா. இளைச்சுப் போயிட்டா" என்றாங்க. வண்டியைத்தாங்க.

இடதுபக்கம் ஏறினாங்க. நான்தான் கூரையை நாலு அங்குலம் இறக்கிட்டேனே, தலை இடித்தது. கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்தாங்க. "கையை முன்ன மாதிரி வைங்க மேடம்" என்றேன். வைத்துப் பார்த்தாங்க. ஜன்னல் சுருங்கிப் போச்சு, தோள் போகவில்லை. முழங்கை அந்த விளிம்புக்கு வரவே இல்லை. சாக்பீஸைப் பிடித்துக்கிட்டு நான் நிற்கிறேன்.

"எங்க கண்ணு வெக்கறது?"

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

"குனிஞ்சா ரோடு தெரியாதே."

ரோடு எதுக்குங்க அவங்களுக்கு? நிற்கிற வண்டி. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அதைப் பார்த்துட்டாங்க போல. "சரி, ஓட்டு. ஓட்டும்போது கை தானா போகும்" என்றாங்க.

ஷெட்டுக்குப் பின்னால் வீட்டுமனை பிரித்து சைட் போட்டிருக்காங்களே, இன்னும் வீடு வராத தார் ரோடு, அங்கே எடுத்தேன். சத்தம் கேட்டிருக்கீங்களா, ஆறு சிலிண்டர் சத்தம்? அவங்க காதைப் பொத்தவில்லை. கண்ணாடி வழியா நேராப் பார்த்துக்கிட்டு, "ரெண்டாவது போடு. ஏன் இழுத்துப் பிடிச்சிருக்கே, விடு, அவளே போவா" என்றாங்க. நான் கை எங்கே போகிறது என்று அவங்க முழங்கையையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன். அது மடியிலேயே கிடந்தது.

டப் என்று ஒரு சத்தம்.

தரையில் மிதிச்சிட்டாங்க. பெடல் இருந்த இடத்தில், பெடல் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், வெறும் தரையில், செருப்புக் காலோடு, ஓங்கி. என் கால் பிரேக்கை அழுத்திட்டது. நான் அழுத்தவில்லைங்க, அந்தச் சத்தத்துக்கு அதுவா அழுத்திடுச்சு. அப்புறம்தான் முன்னால் பார்த்தேன். புதரிலிருந்து ஒரு மயில். நடு ரோட்டில். பம்பருக்கும் அதுக்கும் ஒரு முழம். அது பாட்டுக்குத் தோகையை இழுத்துக்கிட்டு நடந்து போகுது.

மேடம் மூச்சு வாங்கினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்றாங்க.

"இல்லீங்க மேடம்."

"ம். ரோட்டைப் பாரு. என்னைய என்னத்துக்குப் பாக்கறே?"

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், இடதுபக்கத் தரையில், மூணு கோட் அடித்த கறுப்புப் பெயிண்டில், பிறை மாதிரி ஒரு வெட்டு. செருப்புக் குதிகால் கிழித்தது. உள்ளே தகடு மின்னுது. எப்படி இருக்கும் எனக்கு? உட்கார வைத்த மரியாதைக்கு இதுதான் பண்ணிவிட்டுப் போனாங்க. அரை மணி நேர வேலைதான், மறுபடி அடிச்சிடலாம். சாதிக் டப்பாவைத் தூக்கிக்கிட்டு மறுநாளே வந்தான். இப்ப வேணாம், நேரமில்லை என்று அனுப்பினேன். நேரமே கிடைக்கவில்லைங்க. ஆறு வாரம் ஆச்சு.

மார்கழிக் கண்காட்சிக்குப் பேர் கொடுக்கவில்லை. போர்டு அதோ, சுவரோரம் திருப்பி வைத்திருக்கேன். வித்துத் தொலைக்கலாம் என்றுதான் நெட்டில் போட்டேன். உங்களுக்கு முன்னால் மூணு பேர் வந்தாங்க. விஷயம் தெரியாத ஆளுங்க. ஒருத்தர் ஷூவோட அந்தக் குதிகால் தடத்து மேலேயே காலை வைத்தார். கொடுக்கிறதில்லை என்று சொல்லிட்டேன். ரெண்டாவது ஆள், "இந்தக் கீறலை மட்டும் டச்சப் பண்ணிக் கொடுத்துருங்க" என்றார். அவரையும் அனுப்பிட்டேன். மூணாவது ஆள் என்ன பண்ணினார் என்று ஞாபகமில்லை. அவருக்கும் கொடுக்கவில்லை.

நீங்க பரவாயில்லை, சொன்ன இடத்தில் நின்று பார்த்தீங்க. வாங்க, இப்ப பக்கத்தில் வரலாம். வேணும்னா உட்கார்ந்தும் பாருங்க. அந்தப் பக்கம் போகாதீங்க, வலதுபக்கமா ஏறுங்க. இடதுபக்கத் தரையில் மட்டும் காலை வச்சிடாதீங்க. இன்னும் பூசலைங்க அது.